விலக்கப்பட்ட காதலும் விரட்டிவரும் குதிரைகளும்: வரலாற்றுக் காதல் நாவல்கள் பற்றி ஒரு மதிப்புரை

கடந்த ஓராண்டில் ஏறக்குறைய நாற்பது வரலாற்றுக் காதல் நாவல்களைப் படித்து முடித்திருக்கிறேன். பெரும்பாலானவை மின்னூல்கள், சில தாள் பதிப்புகள், நான்கைந்தை ஒலிநூலாகக் கேட்டேன். எல்லாவற்றின் பின்னட்டையும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகிறது: சேரக் கூடாத இருவர், அவர்களைத் துரத்தும் உலகம், கடலோ மலையோ நள்ளிரவுக் குதிரைப் பயணமோ குறுக்கிட, இறுதியில் கூடல். இந்த வாக்குறுதியை எவ்வகை நூல் காப்பாற்றுகிறது, எவ்வகை நூல் கைவிடுகிறது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். தனி நூல்களின் பெயர்களைத் தரப்போவதில்லை. வந்து குவிந்துகொண்டே இருக்கும் இந்த வகையில், பெயர்ப் பட்டியலைவிட, கையில் எடுத்த நூலைத் தானே எடைபோட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் இருப்பதே வாசகருக்குப் பயன்படும்.

என் அளவுகோல் எளியது. காதலைத் தடுப்பது எது, அதை மீறினால் யாருக்கு என்ன இழப்பு நேரும் என்பது முதல் ஐம்பது பக்கங்களுக்குள் எனக்குத் தெரிந்துவிட வேண்டும். தடை அந்தக் காலத்தின் சட்டத்திலிருந்தோ, சமயத்திலிருந்தோ, சொத்துரிமையிலிருந்தோ பிறந்ததாக இருந்தால் கதை தன் காலில் நிற்கிறது. சாகசமும் அதிலிருந்தே கிளைக்கிறது. தடை என்பது ஒரு கடிதம் கைமாறிப் போனதும், தமையனைக் காதலன் என்று தவறாக எண்ணிக்கொண்டதும் மட்டுமே என்றால், இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினாலே நானூறு பக்கமும் கரைந்துபோய்விடும். நான் படித்தவற்றில் மூன்றில் ஒரு பங்காவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆடையும் வண்டியும் மெழுகுவர்த்தியும் பழையவை. உள்ளே நடப்பது நேற்று மாலை நடந்த மனத்தாங்கல்.

ஒரு தடை எப்படி ஒரு கதை முழுவதையும் இழுத்துச் செல்ல முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நல்ல சான்று. அதற்கு முன்பு, இலண்டனின் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றியிருந்த மதுக்கடைகளிலும் வாடகை அறைகளிலும், கடனில் மூழ்கிய பாதிரியார்கள் கேள்விமுறை இல்லாமல் திருமணங்களை நடத்திவைத்துக்கொண்டிருந்தனர். 1754 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த வணிகத்தை ஒழித்தது. இனித் திருமணம் தேவாலயத்தில்தான் நடக்க வேண்டும். அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சபையறிய அறிவிப்பு வாசிக்கப்பட வேண்டும், அல்லது உரிமம் பெற வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணப்பதென்றால் தந்தையோ காப்பாளரோ ஒப்புதல் தர வேண்டும். ஆனால் இந்தச் சட்டத்தின் கை ஸ்காட்லாந்துவரை நீளவில்லை. அங்கே சாட்சிகள் முன்னிலையில் தாங்கள் கணவன் மனைவி என்று இருவரும் சொல்லிவிட்டால் மணம் செல்லுபடியாகும்; பெண்ணுக்குப் பன்னிரண்டும் ஆணுக்குப் பதினான்கும் நிரம்பியிருந்தால் போதும். எல்லையைத் தாண்டியவுடன் வரும் கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூரின் கொல்லன் பட்டறை, பட்டடையின்மீது சம்மட்டி அடித்து மணம் முடித்துவைக்கும் இடமாகப் புகழ்பெற்றது இப்படித்தான்.

இலண்டனிலிருந்து அந்த ஊருக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஒவ்வொரு சாவடியிலும் குதிரை மாற்ற வேண்டும்; மாற்றுக் குதிரை கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும்; பின்னால் வரும் தந்தைக்கும் அதே சாலை, அதே சாவடி. சட்டம், நிலவியல், போக்குவரத்து மூன்றும் சேர்ந்து ஆசிரியருக்குச் சாகசத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகின்றன. தமிழில் படிக்கிறவருக்கு இது பழகிய நிலம்தான். காதலர் பெற்றோரறியாமல் சேர்ந்து ஊரைவிட்டுப் போவதைப் பாட, உடன்போக்கு என்று ஒரு துறையே நம் சங்க இலக்கியத்தில் உண்டு. ஊரார் தூற்றும் அலர், மகளை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் இற்செறிப்பு, தோழி உண்மையை வெளிப்படுத்தும் அறத்தொடு நிலை என்று களவு என்னும் மறைவான காதலின் ஒவ்வொரு படிக்கும் பெயர் இருக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு எனக்குச் சுவையாகப் பட்டது. நம் பாடல்களில் பாலைநிலச் சுரத்து வழியே தேடிச் சென்று, எதிர்வருவோரிடம் என் மகளைக் கண்டீரோ என்று கேட்பவள் செவிலித்தாய். அவள் குரலில் இருப்பது தவிப்பு. இந்த நாவல்களில் துரத்துபவர் பெரும்பாலும் தந்தையோ காப்பாளரோ. அவர் கணக்கில் இருப்பது சீதனம். நான் படித்த கிரெட்னா கிரீன் கதைகளுள் சிறந்தது, துரத்திச் செல்லும் அத்தையின் வண்டிக்குள் இருந்தபடியே பாதிக் கதையைச் சொன்னது. ஓடுகிறவர்கள் எல்லையைத் தொட்டுவிட வேண்டும் என்றும், இவள் அவர்களை எட்டிவிட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் விரும்பவைத்த நூல் அது.

அதே களத்தில் நடந்த ஒரு சறுக்கலையும் சொல்ல வேண்டும். 1856இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இருவருள் ஒருவராவது மணத்துக்கு முன் 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. ஓடிப்போய் அன்றிரவே மணப்பது அத்தோடு முடிந்தது. நான் படித்த ஒரு நாவலில் 1862இல் எல்லையைத் தாண்டும் இணை, விடிவதற்குள் கணவன் மனைவி ஆகிவிடுகிறது. ஆசிரியர் அந்த 21 நாளைப் பயன்படுத்தியிருந்தால் எவ்வளவு நல்ல கதை கிடைத்திருக்கும் என்பதுதான் என் ஆதங்கம். அயலூரில், வாடகை அறையில், எந்த வண்டிச் சத்தத்துக்கும் திடுக்கிட்டபடி மூன்று வாரம் ஒளிந்திருப்பதைவிடவா ஓர் இரவுக் குதிரை ஓட்டம் பெரிது?

அரச குடும்பத்துக் காதலைப் பேசும் நூல்களுக்கு 1772ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டம் அடித்தளம். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் வழித்தோன்றல்கள் ஆட்சியிலிருக்கும் மன்னரின் ஒப்புதல் பெறாமல் மணந்தால் அந்த மணம் செல்லாது என்று அது விதித்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1785 டிசம்பர் 15ஆம் நாள், பட்டத்து இளவரசர் ஜார்ஜ், தம்மைவிட ஆறு வயது மூத்தவரும் இருமுறை கணவனை இழந்தவரும் கத்தோலிக்கருமான மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டை அவருடைய வீட்டிலேயே இரகசியமாக மணந்தார். தந்தையின் ஒப்புதல் இல்லாததால் சட்டப்படி அது திருமணமே அன்று. திருமணமாக இருந்திருந்தால், கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏற முடியாது என்னும் 1701ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் முடியை இழந்திருப்பார். அவருடைய மணத்தைச் செல்லாததாக்கிய தடையே அவருடைய முடியைக் காத்தது. எந்த நாவலாசிரியரும் துணிந்து கற்பனை செய்திராத முடிச்சு இது. 1795இல் அவர் அரச ஏற்பாட்டின்படி பிரன்ஸ்விக் இளவரசி கரோலினை மணந்தார், 1820இல் மன்னரானார், 1830இல் இறந்தபோது மரியாவின் சிற்றோவியம் கழுத்தில் கிடக்க அடக்கம் செய்யப்பட்டார். இந்த மனிதரை நடுவில் நிறுத்தும் நாவல்கள் இரண்டைப் படித்தேன். இரண்டுமே அவரைக் கேளிக்கைப் பிரியராகக் காட்டுவதில் முனைந்த அளவுக்கு, தன் மணம் மணமன்று என்று தெரிந்தே வாழ நேர்ந்த பெண்ணின் நாள்களை எட்டிப் பார்க்கவில்லை.

அந்த இளவரசர் தந்தைக்குப் பதிலாட்சி புரிந்த 1811 முதல் 1820 வரையிலான ஒன்பது ஆண்டுகள்தாம் இவ்வகை நாவல்களில் மிக நெரிசலான களம். நடன அரங்கு, விசிறி, எள்ளல் உரையாடல், கோமகனுக்குக் கடன்பட்ட சிற்றப்பா ஆகியவை ஏறக்குறைய எல்லா நூலிலும் உண்டு. எளிதில் படித்துச் செல்லலாம். ஆனால் சாகசம் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவை, நடனத்தை விட்டுவிட்டு மணமுறிவைத் தொட்டவை. 1857க்கு முன்பு இங்கிலாந்தில் மறுமணம் செய்துகொள்ள இடமளிக்கும் முழு மணமுறிவு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் அப்படிப் பெற்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களுள் பெண்கள் நான்கே பேர். மனைவியின் காதலன்மீது இழப்பீடு கேட்டுக் கணவன் வழக்குத் தொடுக்கலாம். மனைவியோ அந்த வழக்கில் தரப்பினர்கூட அல்லள். இத்தகைய உலகில் கணவனைப் பிரிந்த ஒரு பெண் இன்னொருவனை விரும்புவது வெறும் வம்புப் பேச்சுக்கு உரியதன்று. அவள் குழந்தையையும் உடைமையையும் சேர்த்துப் பணயம் வைப்பது. இதை உணர்ந்து எழுதப்பட்ட ஒரு நாவலில் காதலர் இருவரும் முந்நூறு பக்கத்தில் நான்கு முறைதான் சந்திக்கிறார்கள். நான்கு சந்திப்பிலும் கதவு திறந்தே இருக்கிறது. அவ்வளவு பதற்றத்தை எந்தக் கடற்போரிலும் நான் படித்ததில்லை.

ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கதைகள் தனிச் சந்தை. மேலட்டையில் சட்டையில்லாத வீரன், பின்னணியில் மூடுபனி, கையில் வாள். அவற்றுள் மிகுதியானவை 1746 ஏப்ரல் 16ஆம் நாள் மலைநாட்டுக் குலங்கள் பல அரசுப் படையிடம் தோற்று, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன கலோடன் போரைச் சுற்றியே வலம் வருகின்றன. தோற்ற குலத்துப் பெண்ணும் வென்ற படையின் செஞ்சட்டை அதிகாரியும், அல்லது தேடப்படும் வீரனும் அவனுக்குப் புகலிடம் தரும் ஆங்கிலேயப் பெண்ணும் என்பதே வாய்பாடு. வாய்பாடு என்பதற்காக நான் குறைசொல்லவில்லை. தடை அங்கே உண்மையானது, தூக்குமேடை உண்மையானது. என் குறை துணியைப் பற்றியது. போருக்குப் பிறகு வந்த சட்டம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். ஆனால் அந்தத் தடை ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் உரியது. மன்னரின் படையில் பணியாற்றிய மலைநாட்டு வீரர்களுக்கு விலக்கு இருந்தது. 1782இல் தடை நீங்கியது. நாயகி கட்டமிட்ட போர்வையைப் போர்த்தியதற்காகக் கைதாகும் காட்சியை இரண்டு நாவல்களில் படித்தேன். இரண்டிலும் அதுவே கதையின் திருப்புமுனை. இன்னொன்று, பதினான்காம் நூற்றாண்டிலேயே ஒவ்வொரு குலத்துக்கும் துணியில் தனிக் கட்ட வடிவம் இருந்ததாகவும், அதைக் கொண்டே எதிரியை அடையாளம் கண்டதாகவும் எழுதுவது. குலத்துக்கு ஒரு கட்டம் என்னும் ஒழுங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. மேலே சொன்ன அதே ஜார்ஜ், மன்னராகி 1822இல் எடின்பரோவுக்கு வந்தபோது நடந்த வரவேற்புக் கொண்டாட்டங்கள் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தன; அந்த ஏற்பாடுகளை முன்னின்று நடத்தியவர், வரலாற்று நாவல் என்னும் வடிவத்தையே நிலைநாட்டிய வால்டர் ஸ்காட். ஒரு நாவலாசிரியர் அரங்கேற்றிய காட்சியைப் பின்வந்த நாவலாசிரியர்கள் ஐந்நூறு ஆண்டு பழைய மரபென்று நம்பிவிட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டு.

கடற்கொள்ளையர் காதலுக்கு வருகிறேன். சாகசம் வேண்டுவோருக்கு இதுவே இயல்பான தேர்வு. ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். புதைத்த புதையல், பலகைமேல் நடக்கவைத்துக் கடலில் தள்ளுதல், சீமாட்டியைக் கடத்திவந்து தனி அறையில் வைத்து மரியாதையாக நடத்தும் கப்பல் தலைவன் ஆகிய மூன்றும் இல்லாத நூல் அரிது. முதல் இரண்டும் வரலாற்றைவிடப் புனைகதைக்கே மிகுதியும் கடன்பட்டவை. மூன்றாவதற்கு வரலாற்றில் ஒரு கூரிய பதில் இருக்கிறது. கொள்ளைக் கப்பல்களில் தலைவனைக் குழுவே தேர்ந்தெடுத்தது. பங்கு பிரிப்பது முதல் சண்டை தீர்ப்பதுவரை எழுதிக் கையெழுத்திட்ட விதிகள் இருந்தன. பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்னும் கொள்ளைத் தலைவனின் கப்பல் விதிகளில் ஒன்று, பெண்ணை மாறுவேடத்தில் கப்பலுக்குக் கொண்டுவருபவனுக்கு மரண தண்டனை என்றது. விலக்கப்பட்ட காதலுக்கு இதைவிட நேரடியான விதி வேண்டுமா? ஆயினும் நான் படித்த ஏழு கடற்கொள்ளை நாவல்களில் ஒன்றுகூட இந்த விதியைக் கையிலெடுக்கவில்லை. தலைவன் என்றால் தட்டிக்கேட்க ஆளில்லாதவன் என்றே எல்லா ஆசிரியர்களும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அவன், தன் குழுவின் வாக்குக்கு அஞ்ச வேண்டியவன். அந்த அச்சமே கதையாகியிருக்கும்.

ஆன் பானி, மேரி ரீட் என்னும் இருவரின் வாழ்வையும் பல நாவல்கள் தொட்டுச் செல்கின்றன. ஆன், கணவனை விட்டு ஜாக் ராக்கம் என்னும் கொள்ளையனோடு கடலேறியவர். 1720 நவம்பரில் ஜமைக்காவில் ராக்கம் தூக்கிலிடப்பட்டான். அதே மாதம் தீர்ப்புப் பெற்ற பெண்கள் இருவரும் தாங்கள் கருவுற்றிருப்பதாகக் கூறித் தண்டனையைத் தள்ளிவைக்கச் செய்தனர். மேரி அடுத்த ஆண்டு சிறையில் இறந்தார். ஆனுக்கு என்ன ஆயிற்று என்று பதிவுகள் பேசவில்லை. பதிவின் அந்த மௌனம் நாவலாசிரியருக்குத் திறந்துவிடப்பட்ட கதவு. அதன் வழியே நுழைந்த ஒரு நூல், ஆன் கரையேறிய பிறகான முதுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடலை ஒரு முறைகூட நேரில் காட்டாமல் எழுதப்பட்டிருந்தது. சாகசம் தேடி வாங்கியவர்கள் அதற்குக் குறைந்த மதிப்பெண் இட்டிருந்ததைக் கண்டேன். நான் அவர்களோடு உடன்படவில்லை.

இடைக்காலக் களத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே உண்மையே நாவலை முந்திவிடுகிறது. இங்கிலாந்தின் கெண்ட் பகுதிப் பெயரால் அறியப்படும் ஜோன் ஏறத்தாழ பன்னிரண்டு வயதில், 1340இல், தாமஸ் ஹாலண்ட் என்னும் வீரனை இரகசியமாக மணந்தார்; அவன் போருக்குச் சென்ற காலத்தில் குடும்பத்தார் அவரை வில்லியம் மாண்டக்யூ என்னும் பிரபுவுக்கு மணம் முடித்தனர். திரும்பிவந்த தாமஸ், பிரெஞ்சுப் போரில் உயர்குடிக் கைதி ஒருவரைப் பிடித்ததனால் கிடைத்த பணத்தைக் கொண்டு அவிஞ்ஞோனிலிருந்த போப்பாண்டவரின் மன்றத்தில் வழக்காடி, 1349இல் வென்று மனைவியை மீட்டான். அவன் மறைவுக்குப்பின் ஜோன் 1361இல் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசரை மணந்து, பின்னாளில் மன்னரான இரண்டாம் ரிச்சர்டைப் பெற்றெடுத்தார். இதை ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பத்தக்கதாக இல்லை என்று நானே எழுதியிருப்பேன். போர்ச்சுகலின் இனேஸ் டி காஸ்ட்ரோவின் கதை இதன் மறுபக்கம். இளவரசர் பெட்ரோவின் காதலியான அவரை, பெட்ரோவின் தந்தையான மன்னர் நான்காம் அஃபோன்சோ 1355 ஜனவரியில் கொல்லச் செய்தார். முடிசூடிய பிறகு, தாம் இனேஸை முன்பே இரகசியமாக மணந்திருந்ததாக அறிவித்த பெட்ரோ, அல்கொபாசா மடத்தில் இருவருக்கும் கல்லறை எழுப்பினார். பிணத்துக்கு முடிசூட்டி அரசவையை வணங்கவைத்தார் என்பது பின்னால் முளைத்த கட்டுக்கதை. நான் படித்த நாவல் அந்தக் கட்டுக்கதையிலேயே உச்சக்காட்சியை வைத்திருந்தது. அமைதியான கல்லறையை எழுதும் துணிவு ஆசிரியருக்கு இல்லை.

யாரும் அதிகம் தொடாத களமொன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் அரசாணையை 1685இல் மன்னர் பதினான்காம் லூயி நீக்கியபின், அவர்கள் வழிபடவும் முடியாது, நாட்டைவிட்டு வெளியேறவும் முடியாது. தப்பியோடிப் பிடிபட்ட ஆண்களுக்குத் துடுப்புக் கப்பல் அடிமைத்தனம் காத்திருந்தது. அவர்களுடைய திருமணங்களைச் சட்டம் மீண்டும் ஏற்றுக்கொள்ள 1787 வரை நூறாண்டு ஆயிற்று. காதல், சட்டம், எல்லை, கடல் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கும் இந்தக் களத்தில் எனக்குக் கிடைத்தது ஒரே நாவல்தான். அதன் நடை சுமார். கதை உறக்கத்தைக் கெடுத்தது.

இவ்வகையின் பழைய நூல்களை எடுக்கிறவருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 1972இல் அமெரிக்காவில் நேரடியாக மலிவுப் பதிப்பாக வெளிவந்து பெருவெற்றி பெற்ற ஒரு நாவலைத் தொடர்ந்து, தடித்த, காமம் மிகுந்த வரலாற்றுக் காதல் நூல்கள் ஓர் அலையாக வந்தன. அவற்றுள் பலவற்றில் நாயகன் நாயகியை முதலில் வன்புணர்கிறான். பிறகு நானூறு பக்கங்களில் அதுவே காதலாகிவிடுகிறது. காலத்தின் வழக்கம் என்று சொல்லி இதை ஏற்க என்னால் முடியவில்லை. தோட்ட முதலாளிக்கும் அவனுடைய அடிமைப் பெண்ணுக்கும் இடையே காதல் மலர்வதாக எழுதப்பட்ட நூல்களையும் இதே தட்டில்தான் வைக்கிறேன். சட்டப்படி ஒருவர் மற்றவரின் உடைமை என்றால், முடியாது என்று சொல்லும் வாய்ப்பே இல்லாத இடத்தில் சொல்லப்படும் ஆம் எதற்கும் சான்றாகாது. அங்கே விலக்கப்பட்டிருப்பது காதலன்று, மறுப்பு. அண்மைக் காலத்து ஆசிரியர்கள் பலர் இதை நன்கு உணர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய நூல்களில் நாயகி கதவைத் தானே திறந்து வெளியே வருகிறாள். அது காலத்துக்குப் பொருந்தாத நவீனம் என்று சிலர் குறைப்படுவதுண்டு. ஜோன் பன்னிரண்டு வயதில் செய்ததை அவர்கள் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

இன்ப முடிவு இந்த வகையின் உடன்படிக்கை. அதில் எனக்குப் பிணக்கில்லை. பிணக்கு, தடையை அவிழ்க்கும் முறையில். மூன்று மலிவான சாவிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏழை நாயகன் கடைசி அத்தியாயத்தில் கோமகனின் தொலைந்த வாரிசாகிவிடுகிறான். கொடிய கணவன் உரிய நேரத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிடுகிறான். கேன்டர்பரி பேராயரின் சிறப்பு உரிமம் மந்திரத் தகடுபோல எங்கிருந்தோ வந்து சேர்கிறது. கடைசியாகச் சொன்னது வெறும் சோம்பல். அந்த உரிமம் மணம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் தளர்த்தியதே அன்றி, வயது நிரம்பாத பெண்ணுக்குத் தந்தையின் ஒப்புதலைத் தேடித் தரவில்லை. நல்ல நாவலில் தடை அப்படியே இருக்கிறது. காதலர்கள் அதற்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டு அப்பால் போகிறார்கள். பட்டத்தையோ, நாட்டையோ, தாயின் முகத்தையோ இழக்கிறார்கள். அந்த இழப்பு கடைசிப் பக்கத்திலும் இருந்தால், அவர்கள் கைகோத்து நிற்பதை நான் நம்புகிறேன்.

வாங்குவதற்குமுன் நூலைப் புரட்டிப் பார்க்க முடிந்தவர்கள் முதல் அத்தியாயத்தைவிட இறுதியிலுள்ள ஆசிரியர் குறிப்பைத் தேடிப் படிப்பது நல்லது. எந்தத் தேதியைத் தள்ளிவைத்தேன், எந்தச் சட்டத்தை வளைத்தேன் என்று நான்கு பக்கம் ஒப்புக்கொள்ளும் ஆசிரியரை நம்பலாம். குறிப்பே இல்லாத நூல்களில்தான் கட்டத் துணியும் புதையலும் விளைகின்றன. மேலட்டையை நம்ப வேண்டாம். இறுகத் தழுவிய இணையின் படம் நல்ல நூலுக்கும் மோசமான நூலுக்கும் ஒன்றுபோலவே ஒட்டப்படுகிறது. உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாகம் என நீளும் தொடர்களில் மூன்றாம் பாகத்துக்குமேல் தடைகள் தீர்ந்துபோய்விடுகின்றன. ஒலிநூல் என்றால் மலைநாட்டுக் கதைகளைக் கேட்கலாம். உச்சரிப்பு வேறுபாடே யார் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடும்.

தமிழ் மொழிபெயர்ப்புகளை எடுத்தால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் டியூக், ஏர்ல், பாரன் என்று படிப்படியாக இறங்கும் பட்டங்கள் எல்லாவற்றையும் பிரபு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், பாரனின் மகளை டியூக்கின் வீடு ஏன் மறுக்கிறது என்பதே வாசகருக்கு விளங்காது; தடை மொழிபெயர்ப்பில் உதிர்ந்துபோகிறது. அடுத்தது விளிப்பு. ஆங்கிலத்தில் காதலர் முதன்முதலாகப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளும் இடம் பெரிய நிகழ்ச்சி. தமிழில் அதனோடு நீங்கள் என்பது நீயாக மாறும் நொடியும் சேர்கிறது. அதை எங்கே வைப்பது என்று மூலம் சொல்லித் தராது. மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்ய வேண்டும். பலர் முதல் பார்வையிலேயே அவனை அவளை நீ என்று பேசவைத்து, அவளை இறுதிவரை நீங்கள் என்று பேசவைத்துவிடுகிறார்கள். அந்த அத்தையின் வண்டிக் கதையை மொழிபெயர்த்தவர் அப்படிச் செய்யவில்லை. சாவடிகள்தோறும் இருவரும் நீங்கள் என்றே பேசிக்கொண்டு வருகிறார்கள். எல்லைப் பாலத்தின் மறுபுறம் வண்டி நிற்கிறது. அவள் முதலில் இறங்கி, பின்னால் எழும் புழுதியைப் பார்த்துவிட்டு, அவனிடம் “சீக்கிரம் இறங்கு” என்கிறாள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பி மீண்டும் படித்தேன்.